விங்கருக்கு வந்த பந்துகள்

ரக்பி லீக்கில் விங்கர் என்பவன் மைதானத்தின் ஓரக்கோட்டோடு நிற்பவன். ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை பந்து வந்தால் அதிர்ஷ்டம், அதில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். உங்கள் வேலையும் இப்படியென்றால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

முதல் பந்து

டொரண்டோவில் இந்த விளையாட்டு புதிது. வேகமாக ஓடுவேன் என்பதற்காகவே டோர்செட் பார்க் பகுதியில் குடியிருந்த என்னைச் சேர்த்தார்கள். முதல் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடம் எதிரணி பந்தை வானத்துக்கு உதைத்தது. காற்றில் அது அலைந்து அலைந்து இறங்கியது. மூன்று பேர் என்னை நோக்கி ஓடி வரும் சத்தம் கேட்டது. நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தேன். பந்து மார்பில் பட்டுத் தெறித்தது. அவர்கள் எடுத்துப் புள்ளி அடித்தார்கள்.

திட்டு விழும் என்று குனிந்து நின்றேன். கப்டன் ஜேசன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: “அடுத்ததையும் உன்னிடம்தான் உதைப்பார்கள்.”

ஐஸ்

மனைவி சுகந்திக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. உடம்பில் எந்தக் காயம் எப்படி வந்தது என்று பார்த்தே சொல்லிவிடுவாள். ஏப்ரல் மாத ஆட்டமொன்றில் என்னை விழுத்தி மிதித்துப்போட்டார்கள். வீட்டில், கார் பார்க்கிங்கில் ஐஸ் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவள் சேர்ட்டைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வரிசையாக இருந்த வட்டத் தடங்களை விரலால் எண்ணினாள்.

“இஞ்சேருங்கோ, ஐஸுக்கு எப்ப இருந்து சப்பாத்து ஆணி முளைச்சது?”

கடைசி நாலு நிமிடம்

அரையிறுதி. பதினெட்டுக்குப் பதினாறு, நாங்கள் பின்னுக்கு. உயர வந்த பந்தைப் பிடித்தேன். அதே நொடி யாரோ ஒருவனின் தோள் என் தலையில் மோதியது. கண் திறந்தபோது மருத்துவ உதவியாளர் புள்ளி எத்தனை என்று கேட்டார். புள்ளிப் பலகையை ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டேன். எழும்பி நின்றேன். புல்தரை சாய்ந்தது.

அன்றுதான் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்திருந்த சுகந்தி, படியிறங்கி ஓடிவந்து கோட்டில் நின்றாள்.

“காலமை வரேக்கை எங்கட பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வந்தனாங்கள்?”

எவ்வளவு தேடியும் அன்று காலை நடந்த எதுவும் எனக்குள் இல்லை. பயம் அப்போதுதான் பிடித்தது. அவள் உதவியாளரிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்தாள். “விளையாடினது காணும். வாங்கோ.”

ஆஸ்பத்திரியில்

எனக்குப் பதிலாக இறங்கியவன் வோபர்ன் பகுதிப் பெடியன் தினேஷ்; ஒரு வருடமாக என் இடத்துக்குக் காத்திருந்தவன். கடைசி நிமிடம் மூலையில் பாய்ந்து பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்தி ட்ரை அடித்தான். ஒரு ட்ரைக்கு நாலு புள்ளி; வென்றோம் என்று போனில் செய்தி வந்தது. சந்தோசமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. தலை ஸ்கானைப் பார்த்த டொக்டர், இனி மோதல் விளையாட்டே வேண்டாம் என்றார். சேறு காயாத காலோடு தினேஷ் வாசலில் வந்து நின்றான்.

“சொறி அண்ணை. நீங்கள் நிண்டிருந்தா அது உங்கட ட்ரை.”

ஆறு வருடம் விங்கராக ஓடினேன். என்னைப் பிடித்து நிறுத்தியவர்களில் ஆகத் திறமான ஆள் எந்த எதிரணியிலும் இருக்கவில்லை; ஓரக்கோட்டில் நின்றாள்.