மஞ்சள் தோட்டா

தமிழ் புழங்காத ஔந்தில் ஒரு வங்கி வரிசையில் நின்றிருந்தேன். காவலாளி இரட்டைக்குழல் துப்பாக்கியை மடக்கித் திறந்த சத்தத்தில் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவும் வங்கிக் காவலாளிதான். அன்று அவர் குளிக்கப் போயிருந்தார். எண்ணெய் மணக்கும் துப்பாக்கி மேசையில் திறந்து கிடந்தது. அவருடைய தோட்டாக்கள் சிவப்பு. நண்பரின் சிறிய துப்பாக்கிக்கான மஞ்சள் தோட்டா ஒன்றும் பக்கத்தில் இருந்தது. அழகாயிருக்கிறதே என்று அதைக் குழலில் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய் உள்ளே சிக்கிவிட்டது. அதன் பின்னால் சிவப்பைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனாலும் அடிக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

அப்பா வழக்கம்போல் குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டு குழல்களில் ஒன்று இருட்டாக இருந்தது. குச்சியால் தள்ளித் தோட்டாவை எடுத்தார். என்னைத் திட்டவேயில்லை. மறுநாளிலிருந்து என்னைத்தான் பார்க்கச் சொன்னார்.

"வெளிச்சம் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா."

நான் சொல்லாமல் தோட்டாவைத் தொடமாட்டார். அவர் வேலையை விடும்வரை எந்தப் பள்ளிச் சுற்றுலாவுக்கும் நான் போகவில்லை.

இந்த வங்கிக் காவலாளியோ குழலைப் பார்க்காமலே தோட்டாவைப் போடப்போனார்.

"வெளிச்சம் தெரியுதா பாருங்க!" என்று கத்திவிட்டேன், தமிழில்.

வரிசையே திரும்பிப் பார்த்தது.