கிங்ஸ்லி வாங்கிய டர்போ

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்குகிறவன் விற்கிறவனிடம் எதையும் கேட்க மாட்டான். ஒரு கை அள்ளுவான், உள்ளங்கையில் உருட்டுவான், ஒரு காயை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோவான். பிறகு இழவு வீட்டுக்கு வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு காயைத் தட்டிலேயே போட்டுவிடுவான். "எப்ப எடுத்த காய்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. இவனுக்குச் சரக்குத் தெரியாது என்று அன்றைக்கே கடைத்தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

கிங்ஸ்லி இந்தத் தொழிலுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அந்த முகம் அவரிடம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. தோட்டக்காரர்களின் காயைத் தரம் பார்த்து, ஏலத்தில் விற்றுக்கொடுத்துத் தரகு வாங்குவது அவர் பிழைப்பு. காய் விஷயத்தில் அவர் கண் தப்பாது. அவரைப் பிடிக்காதவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர் அந்தக் கண்ணை ஏலக்காயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தர்பூசணி, தையல் மெஷின், சபைக்கு வந்த புதுப் போதகர், மகளுக்கு வந்த வரன் என்று எல்லாவற்றையும் அதே முகத்தோடு பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் முடிவு சொன்னார். மகள் அந்த முடிவைக் காதில் வாங்காததால் இன்று நன்றாக இருக்கிறாள்.

அந்த வருடம் பூப்பாறைப் பக்கம் பெரிய தோட்டம் வைத்திருந்த பிரபாகரன், தன் காயை விற்றுக்கொடுக்கப் புதிய ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காய் கைக்கு வந்தால் கிங்ஸ்லி கடைத்தெருவில் நாற்காலி போட்டு உட்காரலாம். வராவிட்டால், அரை ஏக்கர்க்காரர்கள் மஞ்சப்பையில் கொண்டுவரும் காயோடு காலம் தள்ள வேண்டியதுதான். பைக்கில் மலையேறிப் போகிற தரகனைப் பெரிய தோட்டத்துக்காரர் மதிக்க மாட்டார் என்று கிங்ஸ்லி முடிவு செய்தார். இந்த முடிவுக்கும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தேனியில் ஒரு கார் ஷோரூம். இருப்பதிலேயே சின்ன வண்டி, இருப்பதிலேயே குறைந்த விலை. டை கட்டிய மனோஜ் என்ற பையன், தண்ணீர் பாட்டில் வைக்கும் குழி எத்தனை, பாட்டுக் கேட்கும் வசதி என்னென்ன என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். கிங்ஸ்லியின் மனைவி ஜெனி நடுவில் வாயைத் திறந்தாள்.

"தம்பி, மலைக்குப் போறதுக்கு டர்போ வேணும்னு சொல்றாகளே, இதுல டர்போ இரு..."

கிங்ஸ்லியின் செருப்பு அவள் பாதத்தின்மேல் இறங்கியது. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அவர் திறந்திருந்த பானெட்டுக்குள் அதைப் பார்த்திருந்தார். முன்பக்கம், கம்பிவலைக்குப் பின்னால், கறுப்பாக, நத்தைபோலச் சுருண்டு ஒரு சாமான். டர்போ நத்தைபோல இருக்கும் என்று டீக்கடையில் யாரோ போனில் படம் காட்டியிருந்தார்கள். விலை கூடிய மாடலில்தான் டர்போ வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். சாதாக் காய்க் குவியலுக்குள் முதல்தரக் காய் கலந்து கிடப்பதைக் கண்டுபிடித்தால் தரகன் என்ன செய்வானோ, அதையே கிங்ஸ்லி செய்தார். இழவு வீட்டு முகத்தோடு, "பில்லப் போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஜெனி பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குங்க மிதிச்சீக?"

"கேட்டா அவென் உஷாராயிருவான்டி. டர்போ வண்டிய சாதா வண்டி வெலைக்குக் குடுக்குறான், கிறுக்குப் பய."

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாமயா உள்ள இருக்கும்?"

"அவென் பேப்பரப் பாத்து விக்கிறவன். நான் சரக்கப் பாத்து வாங்குறவன்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டிக்கர் கடையில் வண்டியின் முதுகில் சிவப்பு எழுத்தில் டர்போ என்று ஒட்டினார்கள். கடைக்காரர், "அண்ணே, ஏசு ரட்சிக்கிறார் ஒட்டலையா?" என்று கேட்டார். "அதுவும் ஒட்டு" என்றார் கிங்ஸ்லி. எது மேலே, எது கீழே என்பதில் கொஞ்சம் தர்மசங்கடம். கடைசியில் ஆண்டவர் கண்ணாடிக்குப் போனார். டர்போ டிக்கிக்கு வந்தது.

வண்டி ஓடியது. சிலமலைக்கு ஓடியது, தேவாரத்துக்கு ஓடியது. சமதரையில் எந்த வண்டிதான் ஓடாது? தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் உக்கிரபாண்டிதான் ஒருநாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்ளே, மெய்யாலுமே டர்போவா?"

"எழுதியிருக்குல்ல."

"எழுதியிருக்கு. நீங்க எழுதுனதா, அவிங்க எழுதுனதா?"

கிங்ஸ்லி ஏலத்தில் குறைந்த விலை கேட்கிறவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். கடைத்தெருவில் அந்தப் பார்வையே பெரிய அத்தாட்சி. ஒரே வாரத்தில் "கிங்ஸ்லி கண்ணு கண்ணுதான், டர்போ வண்டிய பாதி வெலைக்கு அடிச்சுட்டான்" என்ற செய்தி மலையேறிப் பிரபாகரன் காதுவரைக்கும் போய்விட்டது.

அவரே போன் செய்தார். "கிங்ஸ்லி, என் ஜீப்பு வொர்க்ஷாப்புல கெடக்கு. நான் போடியிலதான் இருக்கேன். உங்க வண்டியில மேல போவோம். தோட்டத்து ஸ்டோருல காயப் பாருங்க. பிடிச்சிருந்தா இந்த வருசக் காய் உங்களுக்குத்தான்."

கிங்ஸ்லி விடியும் முன்பே வண்டியைக் கழுவிக்கொண்டு போய் நின்றார். பிரபாகரன் ஏறினார். அவருக்குப் பின்னால் உர மூட்டைகள் ஏறின. அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் மோட்டாரும் ஏறியது. டிக்கி நிறைந்து, பின் சீட்டும் நிறைந்து, வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டது.

"கூடுதலா இருக்கோ? இல்ல, டர்போதானேன்னு ஏத்திட்டேன்" என்றார் பிரபாகரன்.

"இன்னும் ஏத்தலாம் மொதலாளி" என்றார் கிங்ஸ்லி. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மலையடிவாரத்து முந்தல் தாண்டியதுமே அவருக்கு ஆசை வந்தது.

மலை ஏறும்போது ஏசியை அணைத்துவிடுவது அந்தப் பாதையில் சின்ன வண்டிக்காரர்களின் வழக்கம். இன்ஜினுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதற்காக. டர்போ வண்டிக்கு அந்தத் தேவை இல்லை என்பதால் கிங்ஸ்லி அணைக்கவில்லை. வெளியே மலைக்காற்று சும்மா வீசிக்கொண்டிருந்தது. உள்ளே பிரபாகரன் துண்டால் காதைப் போர்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் அணைச்சிருவோமா?"

"வேணாம் மொதலாளி, இந்த வண்டிக்கு அது ஒண்ணும் பண்ணாது."

இன்ஜின் முதல் கியரில் அழுதது. பஸ்சு ஒன்று முந்திப் போனது. காலிஃபிளவர் ஏற்றிய லாரிகூட முந்திப் போனது. பிரபாகரன் எதுவும் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்தார், கிங்ஸ்லியைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். காயை உருட்டிப் பார்க்கிற பார்வை அது என்று கிங்ஸ்லிக்குத் தெரியாதா? குளிர் காற்று முகத்தில் அடிக்க அடிக்க அவருக்கு வியர்த்தது.

ஒரு கொண்டை ஊசி வளைவின் நடு வயிற்றில் வண்டி விக்கி நின்றது. நின்றது மட்டுமல்ல, மெல்லப் பின்னாலும் வந்தது. பின்னால் வந்த உக்கிரபாண்டியின் ஜீப்பு கிறீச்சென்று நிற்க, அதற்குள் அடைந்திருந்த பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். கிங்ஸ்லி பிரேக்கை மிதித்துக் கைபிரேக்கையும் இழுத்துவிட்டு, இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

காய் பறிக்கப் போகும் மருதாயி ஜீப்பிலிருந்து குதித்து வந்தாள்.

"ஏண்ணே, இம்புட்டுப் பேரு எழுதி வச்சுக்கிட்டு நடுரோட்டுல படுத்திருச்சு?"

"டர்போ சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறணும்" என்றார் கிங்ஸ்லி.

"அது எங்கிட்டு இருக்கு? காட்டு, பாப்போம்."

இத்தனை பேர் முன்னால் காட்டாமல் விட்டால், முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் என்ன நினைப்பார்? கிங்ஸ்லி பானெட்டைத் தூக்கினார். பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். உக்கிரபாண்டியும் வந்து நின்றார். கிங்ஸ்லி குனிந்து, கம்பிவலைக்குப் பின்னாலிருந்த அந்த நத்தையின்மேல் பரிவோடு கையை வைத்தார்.

"இந்தா, இதுதான். காத்த இழுத்து அமுக்கி இன்ஜினுக்குக் குடுக்கும். இது இருந்தா மல கில எல்லாம் ஒண்ணுமில்ல."

உள்ளே பிரபாகரனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தூக்கிய பானெட் மறைத்ததால் வெளியே நடப்பது தெரியவில்லை. கையை எட்டி ஹாரனை அமுக்கினார்.

கிங்ஸ்லியின் கைக்குள் இருந்த டர்போ, உடம்பெல்லாம் நடுங்க, "பாஆம்" என்று அலறியது.

பிரபாகரன் மறுபடியும் அமுக்கினார். அது மறுபடியும் அலறியது. மருதாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்ளே, நல்ல டர்போ. சத்தம் போட்டே மல ஏறிரும்போல" என்றார் உக்கிரபாண்டி.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பிரபாகரன் இறங்கி வந்தார். ஆளுக்கொரு பக்கமாக அவருக்கு விளக்கினார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வாங்கும்போது டர்போ இருக்கான்னு கேக்கலையா?"

"இல்ல மொதலாளி."

"ஒரு வார்த்தகூட?"

"பாத்தேன்... வாங்கிட்டேன்."

பிரபாகரன் தாடையைத் தடவினார். கிங்ஸ்லிக்கு அந்த வருடக் காய் கண்ணெதிரே பள்ளத்தாக்கில் உருண்டு போவதுபோல இருந்தது. மூட்டைகளும் மோட்டாரும் ஜீப்புக்கு மாறின. பெண்கள் தள்ளினார்கள். ஏசியை அணைத்த வண்டி, பாரம் இறங்கிய சந்தோஷத்தில் ஒருவழியாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தது.

ஸ்டோரில் புதுக் காய் பச்சைப் பசேலென்று குவிந்து கிடந்தது. பிரபாகரன் அதைத் தாண்டிப் போனார். மூலையில், தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகள் இருந்தன. தார்ப்பாயை விலக்கும்போது அவர் குரலில் தேன் சேர்ந்திருந்தது.

"கிங்ஸ்லி, நீங்க எதுக்கு அடுத்தவன் காய வித்துக்கிட்டு அலையிறீங்க? நீங்களே வாங்குங்க. உங்கள மாதிரி பாத்த ஒடனே வாங்குற ஆளத்தான் நான் ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு இருக்கேன். இத மொத எடுங்க. எடுத்துட்டீங்கன்னா புதுக் காயும் உங்க கையிலதான்."

கிங்ஸ்லி ஒரு கை அள்ளினார். உருட்டினார். கீறி முகர்ந்தார். காய் வெளுத்திருந்தது. உள்ளே ஏலரிசி காய்ந்திருந்தது. மணம் எப்போதோ விடைபெற்றுப் போயிருந்தது. முகம் தானாக இழவு வீட்டுக்குப் போய்விட்டது. காயை மூட்டையில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினால் போதும், தோட்டத்துக் காய் அவருடையது. உதடு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

"இது எப்ப எடுத்த காய் மொதலாளி?"

பிரபாகரன் திடுக்கிட்டார். கிங்ஸ்லி அவரைவிட அதிகமாகத் திடுக்கிட்டார். ஆனால் ஒன்று வெளியே வந்ததும், இத்தனை காலம் உள்ளே முடங்கிக் கிடந்தவையெல்லாம் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தன.

"போன வருசமா, அதுக்கு முன்னாடியா? ஈரம் பட்டுச்சா? ஏன் தார்ப்பாய்க்குள்ள இருக்கு? இதுக்கு மின்ன யாரும் பாத்தாகளா? பாத்துட்டு ஏன் எடுக்கல? முன்ன இருந்த ஆளு எதுக்குப் போனான்?"

"சரக்கப் பாருங்கன்னா கேள்வியா கேக்குறீங்க?" பிரபாகரன் தார்ப்பாயை இழுத்து மூடினார். "தெரியாதவந்தான் கேப்பான்னு உங்க ஊர்லயே சொல்வாங்களே. போயிட்டு வாங்க. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. ஜெனி தட்டை வைத்தாள்.

"தோட்டம் கெடச்சுதா?"

"இல்ல."

அவள் சோற்றின்மேல் மீன் குழம்பை ஊற்றினாள். கிங்ஸ்லி ஒரு வாய் எடுத்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"இது இன்னைக்கு வச்ச கொழம்பா, நேத்து வச்சதா?"

ஜெனி கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வி இதுவரை வந்ததில்லை. பிறகு, ஏலக்காய் வியாபாரியைப்போல முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்:

"சரக்கு தட்டுல இருக்குல்ல. பாத்துச் சொல்லுங்க."