பன்னிரண்டு குவார்ட் கடல்நாய் எண்ணெய்

1971 ஜனவரி 12, செவ்வாய்: பெத்தேலிலிருந்து அக்லுமியூட் ஊருக்குத் தபால் 412 பவுண்டு.
அன்று மாலை: என்ஜினிலிருந்து வடித்த எண்ணெய் 12 குவார்ட்.
ஜனவரி 13, காலை: குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 41. என்ஜினில் ஊற்றிய எண்ணெய் 12 குவார்ட்.
அதே நாள்: பறந்த நேரம் 4 நிமிடம்.
பிப்ரவரி 3: முதல் கடிதம்.
மார்ச் 1: இரண்டாம் கடிதம்.

ஒரு குவார்ட் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்; மேலே உள்ள இரண்டு பன்னிரண்டும் ஒரே எண்ணெய் அல்ல. எஃபிம் நிக்கோலாய்க்கு வந்த வினை எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

எஃபிம் 1925இல் ஒரு மீன்பிடிக் கூடாரத்தில் பிறந்தவன். அந்தப் பனிப்பிரதேச ஆற்றங்கரையின் பழங்குடியான யூப்பிக்காரர்களில் விமானச் சான்றிதழ் வாங்கியவர்கள் 1971வரை இரண்டே பேர். மற்றவன் 1966இல் கிறிஸ்துவைக் கண்டு, பறப்பதை நிறுத்திவிட்டான். எஃபிம் கிறிஸ்துவையும் காணவில்லை, பறப்பதையும் நிறுத்தவில்லை. மாவு மூட்டை, பால் டின், ரேடியோ பேட்டரி, ஒருமுறை பாதிரியாரின் பொய்ப்பல் செட் என்று எல்லாவற்றையும் ஹாஃப்னர் என்பவரின் சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டை மாட்டிய சிறிய விமானத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குவான். 1959இல் திறந்த கதவோடு ஒரு மணி நேரம் பறக்க நேர்ந்ததில் மூக்கு உறைந்தது. மூக்கு பிழைத்துக்கொண்டது, வாசனை மட்டும் போய்விட்டது.

இந்த மூக்கு அவன் மாமன் மகன் சிமியோனுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சோறு போட்டது. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் கேலி செய்தே தீர வேண்டும், அது உறவின் கடமை. எவன் முதலில் கோபப்படுகிறானோ அவன் தோற்றவன், ஊரே அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டும். இருவரும் ஏழு வயதில் தொடங்கிய ஆட்டம். நாற்பத்தைந்து வயதிலும் எவனும் கோபப்படவில்லை.

எந்த ஊரில் தங்கினாலும் எஃபிம் மாலையில் என்ஜின் எண்ணெயைச் சூட்டோடு சூடாக ஒரு டின்னில் வடித்து, வீட்டுக்குள் அடுப்போரம் வைப்பான். காலையில் அந்த டின்னைச் சூடேற்றித் தூக்கிக்கொண்டு ஓடி, ஆறுவதற்குள் ஊற்ற வேண்டும். தவறினால் எண்ணெய் அல்வாவாகிவிடும். அக்லுமியூட்டில் தங்குவது சிமியோன் வீட்டில். டின் என்றால் எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே சதுர மண்ணெண்ணெய் டின். என்ஜின் எண்ணெய்க்கும் அதுதான், சாப்பாட்டுக்குக் கடல்நாய்க் கொழுப்பை உருக்கி வைப்பதற்கும் அதுதான்.

அன்று காலை சிமியோன் என்ஜின் எண்ணெய் டின்னை விறகுக்குப் பின்னால் ஒளித்தான். அதன் இடத்தில் கடல்நாய் எண்ணெய் டின்னை வைத்தான். எஃபிம் மூடியைத் திறப்பான், நாற்றத்தில் அலறுவான், தன் டின்னைத் தேடிப் பத்து நிமிடம் வீடெல்லாம் ஓடுவான், பார்த்துச் சிரிக்கலாம். இவ்வளவுதான் திட்டம். பன்னிரண்டு வருடமாகக் கேலி செய்த மூக்கை அந்த ஒரு காலையில் சிமியோன் மறந்துபோனான். முந்தின நாள்தான் புது எண்ணெய் மாற்றியிருந்ததால் நிறத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. சிமியோன் கதவருகே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, எஃபிம் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான்.

சிமியோன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, விமானம் நின்ற உறைந்த ஆற்றுக்கு வருவதற்குள் விமானம் எழும்பிவிட்டது.

முந்நூறு அடியில் அழுத்தமானியின் முள் விழ ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. எஃபிம் திரும்பி வந்து ஆற்றின் பனிக்கட்டி மேல் இறக்கினான். இறங்கிய இடத்துக்கு முதலில் வந்தவை ஊர் நாய்கள். கட்டு அறுத்தவை, அறுக்காமல் கூண்டோடு இழுத்து வந்தவை, எல்லாம் சேர்த்து அறுபத்து மூன்று. சுற்றி நின்று ஊளையிட்டன, என்ஜின் மூடியிலிருந்து சொட்டியதை நக்கின. அதைப் பார்த்துத்தான் எஃபிமுக்கு விஷயம் புரிந்தது.

மூச்சு வாங்க ஓடி வந்த சிமியோனின் முகம் வெளுத்திருந்தது.

"மச்சான்... மூடியத் தொறந்தப்பவே கத்துவேன்னு நெனச்சேன்டா. ஒன் மூக்கு... மறந்தே போச்சு."

எஃபிம் இறங்கி, ஒரு நாயைக் காலால் ஒதுக்கினான்.

"பரவால்ல மச்சான். ஒன் சமையல்ல பறந்த மொத ஆளு நான்தான். கொஞ்சம் உப்புக் கம்மி."

கோபப்படவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

வேறு எவனாவது இருந்தால் பதிவேட்டில் 'எண்ணெய் அழுத்தம் குறைவு' என்று எழுதிவிட்டு வாயை மூடியிருப்பான். எஃபிம் நடந்ததைத்தான் எழுதுவான். 'கடல்நாய் எண்ணெய், 12 குவார்ட், 4 நிமிடம்' என்று எழுதினான். என்ஜினைக் கழற்ற வந்த மெக்கானிக் அதைப் படித்து, உட்கார்ந்து சிரித்துவிட்டு, அரசின் விமான அலுவலகத்துக்கு அனுப்பினான்.

ஹாஃப்னரின் இன்னொரு விமானம் கடற்கரை ஊர்களுக்கே போதவில்லை. அக்லுமியூட் தபாலை யார் கொண்டுவருவது என்ற கேள்வி எழுந்தபோது, சிமியோனின் மனைவி மட்ரோனா நாய் வண்டிச் சேணத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள். "வண்டிய நிறுத்துனது நீங்கதான. நீங்களே இழுங்க."

பெத்தேலுக்குப் போக எழுபத்து நான்கு மைல், வர எழுபத்து நான்கு மைல். பதினொரு நாய்கள், வாரம் ஒரு நடை. பறக்க விமானம் இல்லாத எஃபிம் சிமியோன் வீட்டிலேயே தங்கி, சிமியோனின் காய்ந்த மீனைத் தின்றுகொண்டு, அவன் தாடியில் பனி தொங்க வந்து இறங்கும்போதெல்லாம் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். "ரெண்டு நாளா மச்சான்? நான் நாப்பது நிமிஷத்துல வருவேன்."

இப்படிச் சிமியோன் தானே சுமந்து வந்ததுதான் விமான அலுவலகத்தின் முதல் கடிதம். டின்னை மாற்றியது யார், பெயர் தேவை, விமானத்தில் கைவைப்பது சிறைக்குரிய குற்றம் என்று இருந்தது. எஃபிம் யாரிடமும் காட்டாமல் பதில் எழுதினான்: 'ஊற்றியது நான். எனக்கு மூக்கு இல்லை.' அந்தப் பதிலையும் சிமியோன்தான் சுமந்துபோனான்.

இரண்டாம் கடிதத்தை மட்ரோனா எஃபிமின் மெத்தைக்கு அடியில் கண்டெடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், ஆங்கிலம் படிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தாள். முப்பது நாளுக்குள் பெயர் வராவிட்டால் தவறு விமானியுடையதே. சான்றிதழ் நிரந்தரமாக ரத்து.

சிமியோன் மீனைக் கீழே வைத்தான். "என்னடா இது?"

"காகிதம்."

"என் பேர எழுதலையா நீ?"

"ஒன் பேருக்கு எழுத்துக்கூட்டத் தெரியல மச்சான்."

"வெளையாடாத. பறக்கலன்னா நீ என்னடா பண்ணுவ?"

"ஒன் வீட்லயே இருப்பேன். மட்ரோனா அக்காவுக்கு வெறகு பொளந்து குடுப்பேன். மீனு நல்லாத்தான் இருக்கு." சொல்லும்போதே எஃபிமின் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே காற்றில்லாத, தெளிந்த வானம். பறக்க ஏற்ற நாள். எட்டு வாரமாக அவன் அப்படி ஒரு வானத்தையும் விட்டுவைக்காமல் எண்ணி வந்தான். அன்றையது பத்தொன்பதாவது.

சிமியோன் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டான். எழுந்தான். தட்டு உருண்டது.

"எழுதித் தொலையேன்டா என் பேர! ஜெயிலுக்குத்தான போவேன், போறேன்! ஊமக் கோட்டான் மாதிரி என் வீட்ல ஒக்காந்து என் உசிர எடுக்குறியே, மனுசனாடா நீ!"

குழந்தைகள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மட்ரோனா கையால் வாயைப் பொத்தினாள். எஃபிம் மெதுவாக மீன் முள்ளை உமிழ்ந்தான்.

"மச்சான்," என்றான், "நீ கோவப்பட்டுட்ட."

முப்பத்தெட்டு வருட ஆட்டம் முடிந்தது. மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நீராவிக் குளியலில் சிமியோன் நுழைந்தபோது அத்தனை ஆண்களும் மரியாதையாக எழுந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் சிமியோன் மட்ரோனாவை உட்காரவைத்து எழுதச் சொன்னான். டின்னை மாற்றியது நான், கேலிக்காக மாற்றினேன், அவன் என் அத்தை மகன், செய்யாமல் இருந்தால்தான் தப்பு, ஆனால் மூக்கை மறந்தது என் குற்றம் என்று நான்கு வரி. எஃபிம் தடுக்கவில்லை. தோற்றவன் வாயை அடைக்கக் கூடாது. தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடிய கடிதத்தைச் சிமியோனே எழுபத்து நான்கு மைல் இழுத்துக்கொண்டு போனான்.

பதில் ஒரு பக்கம். சிமியோனுக்கு எச்சரிக்கை மட்டும். எஃபிமின் சான்றிதழ் தொடரும், ஒரு நிபந்தனையோடு: பெத்தேலுக்கு வெளியே எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் வாசனை தெரிந்த ஒருவர் முகர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அக்லுமியூட்டில் அந்த வேலைக்கு எஃபிம் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதிக் கொடுத்தான். 1983இல் அவன் ஓய்வு பெறும்வரை, விடியும் முன் குளிரில் டின்னுக்குள் தலையை விட்டு முகர்ந்தவன் சிமியோன். பதிவேட்டில் அவன் கையெழுத்து 611 இடங்களில் இருக்கிறது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எஃபிமின் கையால் 'கோபமில்லை' என்ற குறிப்பு.

பதிலாக வந்த அந்தக் கடைசிக் கடிதம், நாய் வண்டியில், மற்ற 96 பவுண்டு தபாலோடு வந்து சேர்ந்தது 1971 ஏப்ரல் 8, வியாழன்.