பாதி இறங்கிய ஷட்டர்

அஹமது பாட்சா செத்துப்போன அன்று உத்திரமேரூர் பஜாரில் ஐந்நூறு பேர் கூடி அழுதார்கள்; அத்தனை பேரையும் அவரே பேர் சொல்லித் திட்டி அனுப்பினார். ஐந்நூறு என்பது கொஞ்சம் தாராளக் கணக்குதான். பஸ்ஸுக்கு நின்றவர்களையும் சேர்த்தால் நாற்பது தேறும். அதில் அழுதவர் இரண்டு பேர். ஆனால் அவர் திட்டியதைக் கூட்டவில்லை. அதைக் குறைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எல்லாம் அவருடைய மருமகள் சாய்ராவால் வந்தது. சாய்ரா செங்கல்பட்டு பஸ் கண்டக்டர் ஒருவரின் மகள். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு பாட்சாவின் மகன் உபைதுல்லாவைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாட்சாவுக்கு பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை. கடையை ஒட்டி, தனி ஷட்டரோடு, குடம் அடுக்கும் அறை ஒன்று இருந்தது. 2007-இல் குடங்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைத்துத் தொழில் தொடங்கினாள். விற்ற சரக்கு தவிடு. சுற்று வட்டார ரைஸ் மில்களின் தவிட்டுக்கு இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுப்பாள். எங்கோ இருக்கும் கோழித் தீவனக் கம்பெனி விலை கேட்டு மெயில் அனுப்பினால், பதில் போட்டு வியாபாரத்தை முடித்துக் கொடுப்பாள். கமிஷன் அவளுக்கு.

“தவுடு விக்கிறதுக்கு இங்கிலீஷா? மாடு இன்னா ஏ பி சி டி சொல்லிக்கினா துன்னுது?” என்று எதிர் டீக்கடை வேதகிரி கேட்டதற்கு பஜாரே சிரித்தது.

சிரித்த பஜார்தான் வரிசையிலும் நின்றது. கம்ப்யூட்டர் இருக்கிற இடம் தாலுகா ஆபீஸ் மாதிரி என்று ஊருக்கு ஒரு நினைப்பு. பத்தாவது ரிசல்ட் பார்க்க வந்தார்கள், ரேஷன் கார்டு மனு அடிக்க வந்தார்கள், திருப்புட்குழியிலிருந்து கிருத்திவாசன் என்ற கோயில் குமாஸ்தா பேத்தியின் ஜாதகத்தோடு வந்து, “பொருத்தம் மட்டும் அதுல பாத்துடும்மா” என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். சாய்ராவுக்கு முடியாது என்று சொல்ல வராது. வேதகிரியின் மச்சானுக்கு வேலை மனு அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஈரோட்டுக் கம்பெனியின் மெயில் திறக்கப்படாமலே கிடந்தது. மாலையில் திறந்தபோது ஆர்டர் ஆந்திரா மில்லுக்குப் போயிருந்தது.

அடுத்த வருஷம் பாட்சா கெடு வைத்துவிட்டார். “ரம்ஜானுக்குள்ள மாசா மாசம் எடுக்கிற கம்பெனி ஒண்ணாச்சும் புடிக்கணும். இல்லன்னா அந்தப் பொட்டியத் தூக்கிக் கடாசிட்டு எங் கொடத்த எறக்குவேன். ஊருக்கு ஓசி மனு எழுதறதுக்கா ரூம்பு குட்த்தேன்?”

“எறக்குங்க மாமா. கொடமாச்சும் வாயத் தொறக்காம இருக்கும்.”

“பாத்தியாடா உபைது, உம் பொண்டாட்டி பேசற பேச்ச!”

உபைதுல்லா வாளி எண்ணிக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் எப்போது சண்டை வந்தாலும் அவன் வாளிதான் எண்ணுவான்.

அன்றிலிருந்து பத்து முதல் பன்னிரண்டு வரை எவருக்கும் எதுவும் செய்வதில்லை என்று சாய்ரா முடிவெடுத்தாள். அந்த வருஷம் பன்னிரண்டு அடித்தால் கரண்ட் போய்விடும், இரண்டுக்குத்தான் வரும். காலையின் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் தொழிலுக்கு உயிர். சொல்லிப் பார்த்தாள். “செங்கல்பட்டுக்காரிக்குத் திமிரு” என்று காதுபடவே பேசினார்கள். வேதகிரி டீ தருவதை நிறுத்தினான். ஆனாலும் வந்தார்கள், ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்று.

ரம்ஜானுக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, நாமக்கல்லிலிருந்து மெயில் வந்தது. மாதம் எட்டு லோடு தவிடு. மூன்று மில்லின் விலை, ஈரப்பதம், லாரி வாடகை எல்லாம் மதியம் பன்னிரண்டுக்குள் வந்து சேர வேண்டும். பிறகு வருவதைப் பார்க்க மாட்டோம். இதைவிட்டால் குடம்தான்.

அன்று பாட்சாவுக்குக் காஞ்சிபுரத்தில் கண் ஆபரேஷன் கட்டுப் பிரிக்கிற நாள். மகனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். கடை பூட்டியிருந்தது. பத்து மணிக்குத் தன் அறைக்குள் போன சாய்ரா ஷட்டரை முழுக்க இறக்கிப் பார்த்தாள், புழுக்கம் தாங்கவில்லை. பாதி ஏற்றினாள். வெளிச்சமும் வந்தது, எவன் முகமும் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

கண்டக்டர் வீட்டுப் பெண்ணுக்கு பஜாரின் பழக்கம் தெரியாது. வியாபாரி வீட்டில் சாவு விழுந்தால் கடை ஷட்டர் பாதி இறங்கும். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கடைகளும் பாதி இறக்கும். யாரும் யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

வேதகிரி பார்த்தான். கடை பூட்டு, பக்கத்து ஷட்டர் பாதி, ஆபரேஷன் ஆன கிழவன். “அய்யய்யோ, பாய் பூட்டாரு!” என்று தன் ஷட்டரை இறக்கினான். அரை மணியில் பஜாரே அரைக்கண் மூடியது. டீக்கடை போனிலிருந்து சாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட பாட்சாவின் மகள் அலிமாவுக்குத் தகவல் போயிற்று. பாத்திரக்கடை ஞானசுந்தரி மாலை வாங்கி வந்தாள். வாடகை நாற்காலி வந்து இறங்கியது.

உள்ளே சாய்ரா, மானாம்பதி மில்காரர் ராஜாராமோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“தவுட்டுக்கு ஈரம் இன்னாம்மா ஈரம்? கைல அள்ளிப் பாரு, பறந்துச்சுன்னா காய்ஞ்சிகீது.”

“நாமக்கல்லுக்கு எப்டிண்ணே அள்ளிக் காட்டறது? போன வாரம் டெஸ்ட் பண்ண பேப்பர்ல நம்பர் இருக்குது பாரு. அதப் படிச்சி சொல்லு.”

ஷட்டருக்குக் கீழே கால்கள் கூடின. வேதகிரி குனிந்து, “சாய்ராம்மா… எப்பம்மா ஆச்சி?” என்றான், குரலில் நெய் வழிய.

“எதுவா இருந்தாலும் பன்னெண்டு மணிக்கு மேல,” என்றாள் திரும்பாமலே.

“பன்னெண்டுக்கு எடுக்கறாங்களாம்!” என்று கூட்டத்தில் செய்தி பரவியது.

ஞானசுந்தரி குனிந்தாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “அடிப் பாவி! பொணத்த வூட்ல வெச்சிக்கினு தவுடு விக்கறாடி!”

அதோடு அனுதாபம் போய் ஆத்திரம் வந்தது. ஷட்டரைத் தட்டினார்கள். ஒருத்தன் கம்பால் இடித்தான். “மன்சியாடி நீ?” என்றது ஒரு குரல். “மாமனார் எப்ப சாவான்னு பாத்துக்கினு இருந்தியா?” என்றது இன்னொன்று. பதினொன்றரைக்கு அலிமா டவுன் பஸ்ஸிலிருந்து குதித்து, “அத்தா! என்ன உட்டுட்டுப் பூட்டியா அத்தா!” என்று தெருவில் உருண்டாள். சாய்ரா அசையவில்லை. மலையே பெயர்ந்து தலையில் விழுந்திருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வரியை அடித்திருப்பாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் காஞ்சிபுரம் பஸ் நின்றது. கருப்புக் கண்ணாடியோடு அஹமது பாட்சா இறங்கினார். நாற்காலிகளைப் பார்த்தார், ஞானசுந்தரியின் கையில் மாலையைப் பார்த்தார்.

“யாருய்யா பூட்டது?”

வேதகிரிதான் வாய் திறந்தான். “நீதான் பாய்.”

அப்புறம் நடந்ததில் எழுதத் தக்கது கொஞ்சம்தான். வேதகிரியின் பாட்டன்வரை போனார். மாலையை அவன் பாய்லருக்குப் போடச் சொன்னார். “ஆப்ரேஷன் பண்ண கண்ணு இப்பதான் தெரியுது. மொத மொதல்ல உங்க மூஞ்சியயா பாக்கணும்?” என்றார். கடைசியில் ஷட்டரை மேலே தூக்கி அடித்தார்.

“வாங்கிட்டியேடி மானத்த! நிறுத்துடி அந்தப் பொட்டிய!”

சாய்ராவின் கண் திரையை விட்டு அகலவில்லை. கடைசி எண்ணை அடித்தாள். மெயில் போயிற்று. கரண்டும் போயிற்று.

நான்கு மணிக்கு நாமக்கல் ஒப்புக்கொண்டது. அறை தப்பியது. பாட்சா வாழ்த்தவில்லை, முதல் லாரி பில் வாங்கக் கடை வாசலில் நின்றபோது, வாளி தெரியாமல் மறைக்கிறான் என்று டிரைவரிடம் சண்டைக்குப் போனார். பஜார் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. தொந்தரவு செய்ய ஆள் இல்லாத அந்த ஆறு மாதத்தில் இன்னும் மூன்று கம்பெனிகளைப் பிடித்தாள். இரண்டு மணி நேரத்தில் ஒரு நொடிகூடத் தலையைத் திருப்பாத பெண் அந்தத் தாலுகாவிலேயே அவள் ஒருத்திதான்.

எழுதியதை நான் படித்துக் காட்ட, இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அலிமா இங்கே குறுக்கே விழுந்தாள்.

“சும்மா வுடாதீங்க ஆயா. திரும்பலியாமே! நான் ‘அத்தா’ன்னு கத்தனதுமே, ஆஸ்பத்திரில நெஜமாவே இன்னாமோ ஆயிட்ச்சின்னு பயந்து, பொட்டிய அப்டியே போட்டுட்டு ஷட்டருக்கு அடில பூந்து வந்து என்னக் கட்டிக்கினு அழுதாங்க அண்ணி. இருவது நிமிஷம் ரெண்டு பேரும் ரோட்ல கெடந்தோம். அத்தா எறங்கி வாயத் தொறந்தப்பறம்தான் உள்ள ஓடனாங்க. மெயிலு பாதிக்கு மேல அந்த பத்து நிமிஷத்துல அடிச்சதுதான். அவரு பொட்டிய நிறுத்துன்னு கத்தனாரே, அதுக்கு அண்ணி இன்னா சொன்னாங்கன்றதயும் நீங்க எழுதல. ‘உசுரோடதான கீறீங்க, செத்த கம்முனு இருங்க’ன்னாங்க.”