ஆளுக்கொரு காது

காதில் வைத்தவுடன் முதலில் தெரிவது அதன் குளிர்ச்சி. அதன் பின்னால் மெல்ல வருவது மெழுகு வாசனை. கோயிலில் எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியின் அடிக்கட்டையை உருக்கி, ரேடியோப் பெட்டியில் அந்தக் காதுக்குழலின் வயரைச் செருகும் துளைகள் இரண்டையும் அப்பா அடைத்து வைத்திருப்பார். நாங்கள் அதை நோண்டி எடுத்துவிட்டுத்தான் கேட்போம். ஆகவே அந்த வயதில் நான் கேட்ட செய்தி, பாட்டு, வானிலை எல்லாவற்றிலும் மெழுகு மணக்கும்.

குளச்சலில் எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் கப்பலில் வேலை பார்த்த மாமா. கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். உள்ளே ஒரு கல்துண்டு, அதைத் தொட்டுத் தொட்டு ஒலியைத் தேட ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான் ரேடியோ. வீட்டில் அதற்குப் பெயர் "கல்லுப்பெட்டி". அதற்கு வயர் நான்கு. ஒன்று தென்னையின் உச்சிக்குப் போகும். ஒன்று கிணற்றடி ஈரமண்ணில் புதைத்த இரும்புக்குப் போகும். மற்ற இரண்டும் காதுக்குழலுக்கு. வளைந்த கம்பியின் இரு முனைகளிலும் கருப்பு வட்டங்கள் இரண்டு, ஒரு தலைக்கென்று செய்தவை. நாங்களோ இரண்டு தலைகள், நானும் பிலோமி அக்காவும். எனவே கம்பியை நிமிர்த்தி, இடது வட்டம் எனக்கு, வலது வட்டம் அவளுக்கு என்று ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டோம்.

"கேக்குதா உனக்கு?" என்று அவள் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பாள். அதே கம்பியில் அதே குரல் வரும்போது எனக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும் என்பது புரியாவிட்டாலும், கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் தலையாட்டுவேன். நம் குரல் அந்தப் பக்கம் போகாது என்பதும் எனக்குப் புரியவில்லை. செய்தி வாசிக்கிறவர் அவ்வளவு மரியாதையாக வணக்கம் சொல்லும்போது நாம் சும்மா இருந்தால் வருத்தப்படுவாரே என்று, செய்தி முடிந்ததும் வட்டத்தை வாயருகே வைத்து, "சரி, கேட்டோம்" என்று சொல்லிவிடுவேன்.

"ஏலே பைத்தியம், அவருக்கு நம்மள கேக்காதுடே" என்று அக்கா சிரிப்பாள்.

"அப்போ யாராவது கேக்காவளான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா தன் வட்டத்தைக் காதிலிருந்து எடுத்தாள். "தெரியாது. தெரியாமதான் பேசிட்டிருப்பாரு. பாவம்."

ஆனி பிறந்தால் எங்கள் கரையில் உப்புக்காற்று வீசத் தொடங்கும். பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, தையல் மெஷினைப் பழைய சேலையால் பொதிந்து, சுவர்க்கடிகாரத்தின் சாவித்துளையில்கூட மெழுகு வைத்து அடைப்பார்கள். "காத்து ஓட்டையத் தேடிதான் வரும், மக்களே" என்பார் அப்பா. ஓர் ஆடி மாதத்தில் கல்லுப்பெட்டி திடீரென்று ஊமையானது. நான் தென்னை வயரைச் சோதித்தேன், கிணற்றடியில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றினேன், கல்லை மாற்றி மாற்றிக் குத்தினேன். அக்கா மட்டும் பெட்டியைத் தூக்கி, துளைகளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி உள்ளே நோண்டினாள். அரிசியளவு மெழுகு வந்து விழுந்தது.

"சத்தம் எங்கயும் போவல. அப்பா அடச்சு வெச்சத நாமதான் முழுசா எடுக்கல."

இத்தனை காலத்துக்குப் பிறகு இது எனக்கு நினைவு வந்தது போன வெள்ளிக்கிழமை மாலையில்.

மகன் குடும்பத்தோடு தோஹாவில் இருக்கிறான். கடந்த விடுமுறைக்கு வந்தபோது வாங்கிய, டிவியில் மாட்டி ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை ஹெட்செட்டோடு எங்களுக்காக இங்கேயே விட்டுப் போனான். அதே போன்ற ஒன்று அங்கேயும் இருக்கிறது. பேத்தி ஷெரின் போனில் பேசினால் "பாட்டா, சுகமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நொடியே போனைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். விளையாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாலோ பள்ளிக்கூடம், பல், பூனை என்று வாய் ஓயாது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே விளையாட்டுக்குள் வந்து பேசிக்கொள்வதென்று முடிவாகியிருந்தது. வியாழனன்று டிவி போய்விட்டது, உப்பு தின்றுவிட்டதாம். ஆகவே மகனுடைய பழைய கம்ப்யூட்டர் மானிட்டரைத் தூசி தட்டி எடுத்தேன்.

வயர் மூன்று, ஹெட்செட்டோடு நான்கு. விளையாட்டுப் பெட்டியில் ஓட்டை ஆறு, மானிட்டரில் நான்கு. எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று செருகிச் செருகிப் பார்த்ததில் ஒருவழியாகப் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மானிட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பின்புறத்தில் சின்னதாக ஒரு வட்டத்துளை இருந்தது. ஹெட்செட்டை அதில் செருகியதும் இரண்டு காதுகளிலும் கடல் இரைந்தது, விளையாட்டுக்குள் இருக்கும் கடல்.

"பாட்டா! வந்துட்டியளா?"

"வந்துட்டேன் மக்கா!"

"பாட்டா? கேக்குதா?"

கேட்கிறது என்றேன். உரக்கச் சொன்னேன். அதைவிட உரக்கச் சொன்னேன். திரையில் சிவப்புச் சட்டை போட்ட அவளுடைய பொம்மை என் பொம்மையின் முன்னால் வந்து குதித்தது, குச்சியால் என்னைத் தட்டியது. அவள் பேசுவது எனக்கு வருகிறது, நான் பேசுவது அவளுக்குப் போகவில்லை. ஒரே வயரில் வரவு உண்டு, போக்கு இல்லை என்றால் என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுக்களையிலிருந்து மனைவி ரோஸ்லின் வந்தாள். "தோஹா வரைக்கும் கேக்கணும்னா கத்துதிய?"

மகனுக்குப் போன் போட்டேன். வண்டியில் போய்க்கொண்டிருந்தான். "ஹெட்செட்ட மானிட்டர்ல குத்துனா கேக்கத்தான் செய்யும், பேச முடியாதுப்பா. கையில கண்ட்ரோலர் பிடிச்சிருக்கியள்லா, அதுல குத்துங்க."

"அதுல ஓட்டையே இல்லடே."

"எல்லாத்துலயும் உண்டுப்பா."

"இதுல இல்ல. நான் பாத்துட்டேன்."

காதில் ஷெரினின் குரல் தாழ்ந்து வந்தது. "பாட்டாவுக்கு எம்மேல கோவமா? நான் போவட்டா?" சிவப்புச் சட்டை மெல்லத் திரும்பி, கரையில் நாங்கள் சேர்ந்து கட்டிய படகை நோக்கி நடக்கத் தொடங்கியது. அதில் ஏறிவிட்டால் அவள் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம். கேட்கிறதா இல்லையா என்று தெரியாமல் அந்தக் குழந்தை பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கொண்டை ஊசி நினைவுக்கு வந்தது.

கையிலிருந்ததைத் தலைகீழாகத் திருப்பினேன். பெட்டியில் எண்ணினேன், மானிட்டரில் எண்ணினேன், கையில் இருந்ததை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. கருப்பு நிறத்தில் கருப்பாக, அடிப்பக்கத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்.

"ஆடிக் காத்துக்கு நாந்தான் ஒட்டுனேன்" என்றாள் ரோஸ்லின். "டிவிலதான் சத்தம் வருதே, இந்த ஓட்டை எதுக்கு தொறந்து கெடக்கணும்னு."

என் நகத்துக்கு அது பிடிபடவில்லை, அவள்தான் உரித்தாள். நான் செருகினேன்.

"மக்கா! ஷெரினு!"

சிவப்புச் சட்டை படகில் ஒரு காலை வைத்தபடி நின்றது.

"பாட்டா! இவ்வளவு நேரமும் எங்க போனிய?"

"எங்கயும் போவல மக்கா. பேசிட்டேதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பூனை நான்கு குட்டி போட்டதாம். ஒன்றுக்கு என் பெயராம். விளையாட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. வேலிக்கு வைத்த கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கல்லுப்பெட்டி எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. தென்னை நின்ற இடத்தில் இப்போது அலைத்தடுப்புக் கல் கிடக்கிறது. பிலோமி அக்கா புதுக்கடைக்குக் கல்யாணமாகிப் போய், அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். இந்த ஹெட்செட்டோ ஒரே தலைக்கென்று வார்த்த பிளாஸ்டிக். நிமிர்த்திப் பார்த்தேன், "ஒடிச்சிராதிய" என்று ரோஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் அக்காவின் பக்கமான வலதை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டேன். ரோஸ்லின் தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"பாட்டா, மூஞ்சி தெரியட்டும்னு அம்மாச்சி போன்ல வீடியோ போட்டிருக்காவ. நீங்க ஹெட்செட்ட சரியா வைக்கல. ரெண்டு காதுலயும் வைங்க, அப்பதான் நல்லா கேக்கும்."

"கேக்குது மக்கா" என்றேன். "நீ பேசு."