எனக்கு இவரைத் தெரியும்

1. வாசலுக்குப் போகச் சொன்னார்கள்

கடந்த நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று, வாக்குச்சாவடி திறப்பதற்கு முன்னரே, நான் வெளிநாட்டவரைக் களவாக வாக்களிக்க விடுகிறேன் என்றொரு முறைப்பாடு வந்திருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவன். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து, பின்னர் ஒஸ்லோவுக்கு வந்து, கணக்காளராக ஓய்வு பெற்றவன். தேர்தல்தோறும் நகரின் ரொம்மன் பகுதியை அண்டிய ஒரு பாடசாலையில் வாக்காளர் பட்டியல் மேசையில் அமர்பவன். வருபவரிடம் லெகிதிமஷூன், அதாவது கடவுச்சீட்டோ வங்கி அட்டையோ போன்ற அடையாளச் சான்று கேட்டு வாங்கி, பெயரைப் பட்டியலில் கண்டு குறித்து, மடித்த வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதே அந்த மேசையின் கடமை. அங்கு அமர்ந்த காலம் முழுவதும் என் பெயருக்கு ஒரு மாசு வந்ததில்லை.

சாவடியின் பொறுப்பாளர் மரித் என்னும் நோர்வேஜியப் பெண்மணி. என்னை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்.

“உங்கள் குடியிருப்பில் இருக்கிற ஒருவர் நகரசபை அலுவலகத்துக்குப் போன் பண்ணியிருக்கிறார். சிவா என்ற உங்கள் கூட்டாளி நோர்வே பிரஜை இல்லையாம். போன முறை உங்கள் மேசையில் வாக்குப் போட்டாராம்.”

“போட்டார். அது நகரசபைத் தேர்தல். மூன்று வருடம் தொடர்ந்து இங்கே பதிவில் இருந்தால் வெளிநாட்டுப் பிரஜைக்கும் அதில் வாக்கு உண்டு. நான் விடவில்லை. சட்டம் விட்டது.”

“அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இன்றைக்கு மட்டும் நீங்கள் வாசலில் நின்று ஆட்களுக்கு வழி காட்டினால் எல்லோருக்கும் நிம்மதி.”

சட்டம் அறியாத ஒருவரின் நிம்மதிக்காகச் சட்டம் அறிந்தவன் எழுந்து போவதா? நான் அன்று வாசலில் நின்றால், வருகின்ற ஒவ்வொரு தமிழரும் ஏன் என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தாமாகவே ஒரு விடை கண்டுபிடிப்பார்.

“என்னை எழுப்புவதென்றால் காரணத்தை எழுதித் தாருங்கள்” என்றேன்.

எழுதுவதற்கு அவரிடம் காரணம் இருக்கவில்லை. “சரி, இருங்கள். ஆனால் உங்கள் மேசையில் இன்றைக்கு ஒரு பிரச்சினை வந்தாலும் எழுப்புவேன்” என்றார். நான் அமர்ந்தேன்.

2. மீன் வெட்டேக்கை கேட்டவங்களே?

இவ்விடத்தில் ஒரு விதியை விளக்க வேண்டும். மேசையில் இருப்பவருக்கு நேரில் தெரிந்தவராயின், அவர் சான்று காட்ட வேண்டியதில்லை. சட்டம் தந்த சலுகை அது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓலாவ் அதைத் தாராளமாகப் பயன்படுத்துவார். நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. தமிழர் பாதிப்பேரை எனக்குத் தெரியும். ஒருவரை முகம் பார்த்து விட்டால் மறுநாள் அது என்ன கதையாகும் என்பதும் தெரியும். என் மனைவியிடமும் அட்டை கேட்டேன். “வீட்டிலை சோறு போடேக்கை நான் உங்களிட்டைக் கார்ட் கேக்கிறனானே?” என்று அவர் கேட்டதற்கு வரிசை முழுவதும் சிரித்தது. அட்டையைப் பார்த்த பின்னரே பெயரைக் குறித்தேன்.

மதியம் சிவா வந்தார். பாட்ஸ்பியோர்ட்டில் என்னோடு ஒரே மேசையில் மீன் வெட்டியவர். அவருக்கு முன்னால் நின்ற மூதாட்டியை, பனிச்சறுக்குக் கழகத்தில் பழக்கம் என்று சொல்லி ஓலாவ் அட்டை கேளாமலே விட்டார். சிவா அதைக் கவனித்துக்கொண்டுதான் என் முன்னால் வந்தார். கையில் இலங்கைக் கடவுச்சீட்டு.

“தம்பி, இது நாடாளுமன்றத் தேர்தல். பிரஜாவுரிமை வேணும். உமக்கு இதிலை வாக்கில்லை.”

“போனமுறை போட்டனான் அண்ணை.”

“அது வேறை தேர்தல்.”

“அந்த மனுசிக்கு ஒண்டும் கேக்கேல்லை. தெரிஞ்ச ஆள் எண்டால் காணுமாம். உங்களுக்கு என்னைத் தெரியாதோ?”

“உம்மைத் தெரியும். பட்டியலுக்கு உம்மைத் தெரியாது.”

“இத்தினை வருசம் வரி கட்டினனான். மீன் வெட்டேக்கை பிரஜாவுரிமை கேட்டவங்களே?”

அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அதுவன்று. முன்னர் நோர்வேப் பிரஜையாவதற்குப் பழைய பிரஜாவுரிமையைத் துறக்க வேண்டியிருந்தது. ஊர்க்காணி போய்விடும் என்று அஞ்சி இவர் விண்ணப்பிக்கவில்லை. பின்னர் அந்த நிபந்தனை நீங்கியது. அப்போதும் இவர் அசையவில்லை. போதாக்குறைக்கு, எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவு செய்யும் டுக்னாட் நாளில் எனக்கு உதவ வந்து, வாஃபல் தின்றபடி, “உங்கள் கடவுச்சீட்டு இல்லாமலே உங்கள் நகரசபையைத் தெரிந்தெடுத்தவன் நான்” என்று நோர்வேஜிய மொழியில் பகிடி விட்டவரும் இவரே. எனக்கு ஒரு மாடி கீழே இருக்கும் ரோல்ஃப் மட்டும் அன்று சிரிக்கவில்லை.

“வெள்ளைக்காரனுக்குப் பயந்திட்டியள்” என்று சொல்லிவிட்டுச் சிவா போனார். காலையில் ஒருவர், என் ஆட்களுக்கு நான் கதவு திறப்பதாகச் சொன்னார். மதியம் என் ஆள், நான் கதவை மூடுவதாகச் சொன்னார். பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் எண்ணம் இருவருக்கும் வரவில்லை. முதலாவது பழியைவிட இரண்டாவது என்னை அதிகம் சுட்டது.

3. ஒரே ஒருவர்

சாவடி மூடுவதற்குச் சற்று முன்னர் ரோல்ஃப் மூச்சிரைக்க வந்தார். வாக்குச்சீட்டை மடித்துக்கொண்டு வந்தவர், ஓலாவின் கதிரை வெறுமையாக இருந்ததால் என் முன்னாலேயே நிற்க வேண்டியதாயிற்று. நான் வழக்கம்போல் சான்று கேட்டேன். சட்டைப்பையைத் தடவினார், ஒன்றும் அகப்படவில்லை. பணப்பையும் தொலைபேசியும் வைத்த மேலங்கி மகளின் காரில். மகள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில்.

“ஒரு தேர்தலும் தவறவிட்டதில்லை” என்று மரித்திடம் மன்றாடினார். பிறகு என்னைப் பார்க்காமலே, “போன் பண்ணினவன் நான்தான். ஒளிக்க மாட்டேன்” என்றார். இந்த நாட்டவரின் இந்த நேர்மையை நான் மதிக்கிறேன், வலித்தாலும் மதிக்கிறேன்.

மரித் எங்கள் எல்லோரையும் நோக்கிக் கேட்டார். “இவரை யாருக்காவது நேரில் தெரியுமா?”

மற்றவர்கள் இல்லையென்று தலையாட்டினார்கள். நான் பேசாதிருந்தால் போதும். ஒரு விதியும் மீறப்பட்டிராது. இத்தனை காலம் நானாக விதித்துக்கொண்ட கட்டுப்பாடும் குலையாது. ஆனால் என் கட்டுப்பாடு என் பெயரைக் காப்பதற்கு. கேள்வியோ சட்டத்தின் கேள்வி. தெரிந்த ஒருவரைத் தெரியாது என்பது பொய். அவரது பெயர் பட்டியலில் இருந்தது, முன்னால் நின்றவரும் அவரேதான்.

எழுந்து நின்றேன்.

“எனக்கு இவரைத் தெரியும். ஒரே படிக்கட்டு. இவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி.”

மரித் தலையசைத்தார். பெயரைக் குறித்தேன். முத்திரை குத்தினேன். ரோல்ஃப் சீட்டைப் பெட்டியில் இட்டார். போனவர் திரும்பி வந்து, நன்றி சொல்லப் போகிறார் என்று நான் எண்ணிய வேளையில், குனிந்து கேட்டார்.

“உங்கள் ஆட்களையும் இப்படித்தான் விடுகிறீர்களா?”

“இல்லை” என்றேன். “இத்தனை தேர்தல்களில் என் மேசையில் அட்டை இல்லாமல் வாக்களித்தவர் நீங்கள் ஒருவர்தான்.”

கதவு வரையில் மரித் அவரோடு நடந்தார். திரும்பி வந்த மரித், என்னை வாசலுக்கு அனுப்புவது பற்றிப் பேசவில்லை. அடுத்த தேர்தலுக்கும் அதே மேசைதானே என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்த மேசைக்கு நம் இளையோரும் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்பது வேறு. அவருக்கு வாக்குரிமை உண்டு என்பது வேறு. முன்னையதை உங்கள் வாய் சொல்லலாம். பின்னையதைச் சொல்லும் அதிகாரம் பட்டியலுக்கு மட்டுமே உண்டு. உங்கள் கூட்டாளிக்கும் இல்லை, உங்கள் கீழ்மாடிக்காரருக்கும் இல்லை. பட்டியலின்படி நடந்ததற்காக இரு தரப்பும் உங்களை ஏசினால், கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.