நாற்பது சென்டிமீட்டர் பொய்

“என்ன, இன்னிக்கு எத்தனை பொய் வெச்சிருக்க?” என்று திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேதான் கைப்பையை ஆணியில் மாட்டுவார். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் உட்காரமாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினான்கு தொட்டிகளின் நீர்மட்டத்தையும் வரிசையாகப் பார்ப்பார். வாய் முணுமுணுக்கும். “உனக்குப் பதினஞ்சு சேர்க்கணும். நீ பரவால்ல, உத்தமன். நீ மழை பெஞ்சா உளறுவ.” மேட்டுத் தொட்டிக்கு வரும்போது மட்டும் குரல் கடுமையாகும். “நீ எப்பவும் நாப்பது கூட்டிச் சொல்ற திருடன்.”

நகரக் குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் போன மாதம் வரை காலை ஷிப்ட் இப்படித்தான் தொடங்கியது. இவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆள் குச்சி மாதிரி இருப்பார். ஆனால் வால்வு திறக்கிறவர் முதல் பெரிய இன்ஜினியர் வரை எல்லோருக்கும் ‘டேங்க் அக்கா’. முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால், “எவனோ குறும்புக்காரன். நல்லா இருக்கட்டும்” என்பார்.

இந்தப் பொய் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் உச்சியிலும் ஒரு சென்சார் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அது அளந்து கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். ஒன்பது வருடத்துக்கு முன் மேட்டுத் தொட்டிக்கு மூடி மாற்றியபோது, சென்சாரைப் பழைய இடத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தாழ்வாக மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து திரையில் தண்ணீர் நாற்பது சென்டிமீட்டர் அதிகமாகவே தெரிந்தது. மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அதைச் செய்துகொடுத்த கம்பெனியை இழுத்து மூடிப் பல காலம் ஆகிறது. பாஸ்வேர்டு தெரிந்த புண்ணியவான் எந்த நாட்டில் இருக்கிறாரோ! அதனால் எண் அப்படியே கிடந்தது. கழிக்கிற வேலை அக்காவின் தலையில் விழுந்தது.

அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து முப்பத்தொரு பொய்கள். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்த மீட்டர் பம்ப் நின்ற பிறகும் இரண்டு நிமிடம் தண்ணீர் ஓடுவதாகச் சாதிக்கும், எந்த வால்வு மூடியிருக்கும்போது திறந்திருப்பதாகக் காட்டும், எல்லாம் தேதியோடு இருக்கும். மற்ற இரண்டு ஷிப்ட்காரர்களும் அதைப் பார்த்துத்தான் பம்ப்பைத் தொடுவார்கள். வாரியத்தின் சட்டதிட்டப் புத்தகத்தைப் புரட்டாதவர்கள்கூட அக்காவின் நோட்டைப் பாராமல் மூச்சு விடமாட்டார்கள்.

அவருக்குத் திமிர் உண்டா என்றால், உண்டு. மேட்டுத் தொட்டி விஷயத்தில் நிறையவே உண்டு. இவர் வேலைக்கு வருவதற்கு முந்தின வருடம் அந்தத் தொட்டி வழிந்து, சரிவில் இறங்கிய தண்ணீர் கீழ் வரிசையில் இரண்டு வீடுகளின் சுவரைச் சாய்த்தது. ஒரு தையல்காரரின் கால் போயிற்று. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம். “என் கையில ஒரு சொட்டு வழிஞ்சதில்ல” என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். அந்தத் தையல்காரரிடம்தான் இன்றுவரை ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார். அளவு சரியாக இருக்காது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். வாளி நிறைவதை இவர் பார்ப்பதே இல்லை. சத்தத்தை வைத்து, விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும்போது குழாயை மூடிவிடுவார். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் கை கழுவுகிற குழாயைத் திறந்து பார்த்து, “ப்ரெஷரே இல்லையே, யாரு உங்க ஏரியா ஃபிட்டர்?” என்பார். வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் போன் செய்தால் முதல் கேள்வி, “அங்க தண்ணி எப்படி வருது?” இரண்டாவது கேள்விதான் சாப்பாடு. சைக்கிள் கடை வைத்திருக்கும் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, எத்தனை லிட்டர் குடிச்சீங்கன்னுதான் கேப்பா” என்பது அவருடைய புகார். அதில் பெருமையும் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

புது மென்பொருள் வரப்போகிறது என்றதும் வாரியத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். இனிமேல் தொட்டி குறைந்தால் பம்ப் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். அக்காவுக்கு இனி என்ன வேலை? இந்த வயதில் கற்றுக்கொள்வாரா? இதெல்லாம் அவர் காதில் விழாமல் இருக்குமா! மென்பொருளைச் செய்ய வந்த பெண் பொறியாளரின் பக்கத்தில் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டே வாரத்தில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, ஓட்டுற பட்டனும் நிறுத்துற பட்டனும் ஒட்டிக்கிட்டு இருக்கே. தும்மினா பம்ப் ஓடிடும் போலருக்கு.”

பொறியாளர் சிரித்துவிட்டு, அன்றே இரண்டையும் பிரித்து வைத்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது, இதுபோல் ஆறு ஊர்களில் வேலை செய்தவர். ஒரு நாள் அவர், “அக்கா, உங்க நோட்டைக் கொஞ்சம் தருவீங்களா? எல்லாத்தையும் உள்ள ஏத்திடுறேன்” என்று கேட்டார். அக்கா நோட்டின் அட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொரு பொய்களும் மென்பொருளுக்குள் திருத்தங்களாகப் போயின. அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்ன முதல் வார்த்தை, “என் நோட்டு கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு.” அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்து பார்த்ததில்லை என்கிறார் கணவர்.

மாற்றுகிற நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குப் பம்ப்புகளை நிறுத்திப் பழைய திரைகளை அணைத்தார்கள். அணைப்பதற்கு முன் மேட்டுத் தொட்டியின் உண்மை மட்டத்தை அக்கா வழக்கம்போல் கழித்துப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்: மூன்று மீட்டர் நாற்பது. ஒரு மணி நேரம் அறையே குருடாகக் கிடந்தது. பத்து மணிக்குப் புதுத் திரை எரிந்தது. மேட்டுத் தொட்டி: இரண்டு அறுபது. மூன்று மீட்டருக்குக் கீழே போய்விட்டதால் பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. “ஏம்மா, இந்த நேரத்துல ஊரு மணிக்கு நாப்பது சென்டிமீட்டர்தான் குடிக்கும். எண்பது எப்படி இறங்குச்சு?”

“தண்ணி நிக்கும்னு நேத்தே அறிவிப்பு கொடுத்தோமேக்கா. எல்லாரும் பிடிச்சு வெச்சிருப்பாங்க.”

நியாயமான பதில்தான். அக்கா தலையாட்டினார். ஆனாலும் மேட்டுத் தொட்டியின் ஃபிட்டருக்குப் போன் போட்டு, “எங்க இருந்தாலும் உடனே போய் மூடியைத் திறந்து பாரு” என்றார். அவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். போய் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

பதினொரு மணிக்குப் பெரிய இன்ஜினியர் நகர்மன்ற உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு வந்தார். திரையின் முன் நின்று விளக்கினார். “நாலு மீட்டர் வந்ததும் பம்ப் தானா நின்னுடும். இனிமே யாரும் கை வைக்க வேண்டியதில்ல.” அக்கா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பம்ப் ஒன்பது நிமிடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஏற்றும். பத்து மணிக்குத் தொட்டியில் உண்மையில் மூன்று மீட்டர் இருந்திருந்தால், பதினொன்றரைக்கு நிறைந்துவிடும். திரை சொல்வது நிஜமானால் அதற்குப் பிறகும் அரை மணிக்கு மேல் ஓட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் சரி. திரை தப்பானால் கீழ் வரிசை வீடுகள். தான் தப்பானால், இத்தனை பேர் முன்னால் புது இயந்திரத்தைக் கெடுத்த கிழவி என்ற பட்டம்.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு, திரையில் மூன்று அறுபது இருக்கும்போது, அக்கா மவுஸைப் பிடித்துப் பம்ப்பை நிறுத்தினார்.

பெரிய இன்ஜினியரின் முகம் கறுத்தது. “யாரு நிறுத்தினது?”

“நான்தான் சார்.”

“ஏம்மா? இன்னும் நாப்பது இருக்கே!”

“என் கணக்குல நெறஞ்சிடுச்சு சார்.”

“உங்க கணக்கா, இந்தக் கம்ப்யூட்டரா?” என்று உறுப்பினர் ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அக்காவின் காது சிவந்துபோயிற்று. நான்கு நிமிடத்தில் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா! நாலு மீட்டர் கோட்டுக்கு மேல ரெண்டு விரல் நிக்குதுக்கா! இன்னும் கால் மணி ஓடியிருந்தா வழிஞ்சிருக்கும்!” ஃபிட்டருக்கு மூச்சு இரைத்தது. பிறகு குரல் இறங்கியது. “அக்கா... போன வாரம் புது மென்பொருளுக்குன்னு இங்க சென்சார்ல தனியா ஒரு பெட்டி வெச்சப்ப, அதுலயே நாப்பதைக் கழிச்சு வெச்சிட்டேன். தினமும் நீங்க கழிச்சுக் கழிச்சு அல்லாடுறீங்களே, ஒரு வேலையாவது மிச்சமாகட்டும்னு நெனச்சேன். சொல்ல மறந்துட்டேன்க்கா.”

அவ்வளவுதான் விஷயம். ஒரே பொய்யை இரண்டு பேர் திருத்தியிருந்தார்கள். தொட்டியடியில் ஃபிட்டர் நாற்பதைக் கழித்தார். நோட்டைப் பார்த்து மென்பொருளும் நாற்பதைக் கழித்தது. கூட்டிச் சொன்ன தொட்டி இப்போது குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடத்துச் சாதனையை, இன்னும் கால் மணி நேரத்தில், அக்காவின் மேல் இருந்த பிரியமும் அக்காவின் நோட்டும் சேர்ந்து கவிழ்த்திருக்கும்.

“தப்பு என் நோட்டுல சார்” என்றார் அக்கா, எழுந்து நின்று. “எழுதினதோட சரி. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாத்திருக்கணும்.”

“இல்ல சார், நான்தான் சரிபார்த்திருக்கணும்” என்றார் பொறியாளர்.

“அய்யோ, அவங்க ரெண்டு பேரும் இல்ல சார், நான்தான்!” என்று கத்தியது போன்.

தப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிற அலுவலகங்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். எனக்கு உனக்கு என்று தப்புக்கு அடித்துக்கொள்கிற அலுவலகத்தைப் பார்த்து உறுப்பினர்கள் விழித்தார்கள். சிரித்தவர் மெதுவாக அக்காவின் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, “உக்காருங்கம்மா” என்றார்.

எந்த நாற்பதை எடுப்பது என்று பொறியாளர் கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. “அவன் கழிச்சது இருக்கட்டும். எந்த எடத்துல கோணலோ அங்கயே நிமித்துறதுதான் முறை. என்னோடத எடுத்துடும்மா.” இன்னொன்றும் சொன்னார்: “மீதி முப்பதையும் ஆள் போய் டேப் வெச்சு அளக்கணும். அதுவரைக்கும் புது மென்பொருளை ஏத்துக்கிட்டதா நான் கையெழுத்துப் போட மாட்டேன். தலைகீழா நின்னாலும் சரி.”

பெரிய இன்ஜினியர் தலைகீழாக நிற்கவில்லை, ஆள் அனுப்பினார். மூன்று நாள் ஆயிற்று. இருபத்தெட்டு பொய்கள் நோட்டில் எழுதியபடியே, இம்மி பிசகாமல் இருந்தன. இரண்டு மட்டும் எந்தக் காலத்திலோ யாரோ பழுது பார்த்ததில் திருந்திவிட்டிருந்தன. “பாவம், நல்லவங்களையும் இத்தனை நாளா சந்தேகப்பட்டிருக்கேனே” என்று வருத்தப்பட்டார் அக்கா. பெரிய இன்ஜினியர் அந்தப் பட்டியலைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம், “இது எங்க டேங்க் அக்கா கணக்கு. முப்பத்தொண்ணுக்கு இருபத்தெட்டு. எந்த மெஷின் தரும்?” என்கிறார். அவருக்கே முதலில் சந்தேகம் இருந்ததை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

நான்காம் நாள், பிற்பகல் மூன்று மணி. கையெழுத்துக்கு முன் கடைசிச் சோதனை: மேட்டுத் தொட்டி தானாக நிறைந்து, தானாக நிற்க வேண்டும். திறந்த மூடியருகே டேப்பும் கையுமாக ஃபிட்டர். இங்கே பொறியாளரும் பெரிய இன்ஜினியரும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். மூன்று எண்பது. மூன்று தொண்ணூறு. “டேப்பும் அதேதான் சொல்லுதுக்கா” என்றது ஸ்பீக்கர். மூன்று தொண்ணூற்றாறு. அக்காவின் வலது கை மேஜை மேல் தானாக நகர்ந்து மவுஸை நோக்கிப் போயிற்று. பொறியாளர் அதைப் பார்த்தார். மூன்று தொண்ணூற்றெட்டு. அக்காவும் தன் கையைப் பார்த்தார். இழுத்துக்கொண்டார். பிறகு அதைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார், பம்ப் நிற்கும்வரை.